வட்டியால் அடித்த வைத்தியம்

1979 ஒக்டோபர் 6. பணவீக்கத்தை அடக்கவெனப் பணப்புழக்கத்தை இறுக்கி, வட்டி வீதத்தை அதன் போக்கில் உயரவிட்டார் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் போல் வொல்க்கர். 1981இல் குறுங்கால வட்டி 20 வீதத்தைத் தொட்டது.

புதிய கடன்பத்திரம் 15 வீதம் தரும்போது, 8 வீதம் தரும் பழையதை முழுவிலைக்கு யார் வாங்குவார்? அதன் விலை சரிந்தது. கடன்பத்திரமே இவ்வளவு தருகையில் பங்குகளுக்கு என்ன மவுசு? 1982 ஓகஸ்ட் 12இல் டோ ஜோன்ஸ் குறியீடு 777இல் கிடந்தது. அதே மாதம் மெக்சிக்கோ, டொலர்க் கடனைக் கட்டமுடியாதெனக் கைவிரித்தது.

பின்னர் வட்டி இறங்கியது, பங்குகள் ஏறின. 14 வீதப் பத்திரங்களை வாங்கிவைத்தோர் செழித்தனர். வைத்தியம் பலித்தது என்கிறார்கள். பலித்ததுதான். ஆனால் 1982 இறுதியில் வேலையற்றோர் 10.8 வீதம், அவர்களிடம் பத்திரமேது? வீடுகட்டுவோரோ வேலையின்றிக் கிடந்த மரத்துண்டுகளை வொல்க்கருக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள்.