கம்பி யாருடையது, விதி யாருடையது?

இணையம் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் ஒரே கதையைத்தான் சொல்லுவார்கள்: அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு வேணும் என்று அமெரிக்க இராணுவம் கட்டினது. இதில் பாதிதான் சரி. காசு பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்பா என்ற பிரிவுடையது. ஆனால் அங்கே இருந்த பிரச்சினை மிகச் சாதாரணமானது. 1966இல் பொப் ரெய்லர் என்ற அதிகாரியின் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன. மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்க் கணினிகளோட மட்டுமே கதைக்கும். கட்டளைகளும் வேற வேற. எல்லாத்துக்கும் ஒன்று போதாதா என்று அவர் யோசித்ததில் ஆர்பாநெற் தொடங்கியது.

தூர இடங்களை இணைக்கத் தொலைபேசிக் கம்பிகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் குளிர்சாதனப் பெட்டியளவு இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். செய்தியைச் சின்னச் சின்னப் பொதிகளாக வெட்டி அனுப்புவதும், வந்த பொதிகளைச் சேர்ப்பதும் அதன் வேலை.

கம்பி வந்துவிட்டது. ஆனால் கணினிகள் ஒன்றோடொன்று எப்படிக் கதைக்க வேணும்? அந்த விதிகளை எழுதும் வேலை பட்டப்பின்படிப்பு மாணவர்களிடம் வந்து சேர்ந்தது. பெரிய ஆக்கள் யாராவது வந்து பொறுப்பெடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் வரவில்லை. 1969 ஏப்ரல் 7 அன்று ஸ்டீவ் குரொக்கர் முதல் குறிப்பை எழுதினார். கட்டளை போலத் தெரியக்கூடாது என்பதற்காக 'கருத்துகளுக்கான வேண்டுகோள்' என்று பெயர் வைத்தார். யாரும் எழுதலாம், மெருகேற்றிக்கொண்டு இருக்காமல் உடனே எழுதுங்கோ என்பதுதான் அவர்களுடைய ஒழுங்கு. அந்த வரிசை இன்றைக்கு 9000த்தைத் தாண்டிவிட்டது. யாரும் இலவசமாக வாசிக்கலாம்.

1969 ஒக்ரோபர் 29 இரவு, லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய 'லொகின்' என்று தட்டினார். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர, அங்கே கணினி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரிசெய்தார்கள். வருட முடிவில் சாண்டா பார்பராவும் யூட்டாவும் சேர்ந்து நான்கு இடங்கள். 1973இல் நோர்வேயும் லண்டனும் இணைந்தன.

இதை மாணவர்களின் வெற்றிக்கதையாக மட்டும் வாசிக்க ஏலாது. ஆர்பாவோடு தொடர்புள்ள இடங்களுக்கு மட்டும்தான் அந்த வலையமைப்பு திறந்திருந்தது. வெளியாள் ஒருவர் நினைத்தவுடன் இணைய முடியாது. விதி திறந்திருந்தது, வாசல் பூட்டியிருந்தது. 2022 ஏப்ரல் 3 அன்று எங்கட நாட்டில் சமூக ஊடகங்களை ஒரு உத்தரவால் முடக்கினார்கள். எதிர்ப்புக் கிளம்ப, அன்றைக்கே திறந்தும் விட்டார்கள். அந்த உத்தரவுக்கு ஒரு விதியையும் மாற்றத் தேவைப்படவில்லை, வாசலில் நிற்பவர்களுக்குச் சொன்னால் போதும். அதனால் இணையச் சுதந்திரம் என்று கதைக்கும்போது நாங்கள் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேணும்: விதியை யார் எழுதுகிறார்கள்? கம்பி யாருடைய கையில் இருக்கிறது?