எங்கள் ராச்சாப்பாட்டின் வரலாறு: சோற்றைக் குறைத்தால் மரபு குறையுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம் ஊர்களில் ஒருவருக்குக் கிளினிக்கில் "சீனி" என்று சொல்லிவிட்டால் அன்றிரவே வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கிவிடும். டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பார். மகள் போனில் பார்த்துவிட்டு "லோ காப்" என்பாள். வாப்பாவோ, "மூத்தவாப்பா காலத்துல இருந்து வயிறு நிறையச் சோறு திண்டு வந்த ஆக்கள் நாங்க. இந்த வெள்ளக்காரன்ட சாப்பாடு நமக்குச் சரிவராது" என்று ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் இந்த வசனத்தை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அந்த மூத்தவாப்பா உண்மையில் என்ன சாப்பிட்டார்? இன்று நம் பீங்கானில் குவிகிற வெள்ளைச் சோறும், இரவானால் வருகிற பராட்டா, கொத்து, பாணும் பெரும்பாலும் அவருடைய சாப்பாடு அல்ல. கடந்த எண்பது வருடங்களில் யுத்தமும் கூப்பனும் கப்பலும் மா ஆலையும் நமக்குப் பழக்கிவிட்ட சாப்பாடு அது. நம்மிடம் மெய்யாகவே பழையது ஆணமும் சுண்டலும் சம்பலும்தான்.

பழைய காலத்திலிருந்து வருவோம். 1660 இல் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்துவிட்டுத் தப்பிப்போய் 1681 இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சனங்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அதில் விபரமாக எழுதியிருக்கிறார். நெல்லைத்தான் அவர்கள் உயர்வாக மதித்தார்கள். ஆனால் குரக்கன், தினை, பயறு என்று சேனைப் பயிர்களையும் அவர் வரிசையாகச் சொல்கிறார். பலாக்காய் சனங்களின் உணவில் பெரும்பங்கு வகித்தது என்றும் சொல்கிறார். சிங்களத்தில் பலாவுக்கு "சோற்று மரம்" என்றே ஒரு பெயர் இருப்பது சும்மா இல்லை.

நம் கிழக்கிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. வயல் மழையை நம்பியது. மழை பிழைத்தால் சேனையில் விளைந்த சோளனும் இறுங்கும் குரக்கனும்தான் கைகொடுத்தன. கடலும் வாவியும் மீன் தந்தன. வேலியில் முருங்கை, முற்றத்தில் தென்னை. 1343 இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதா, அங்கே மீனைத் துண்டாக்கி அவித்துப் புகையில் காயவைப்பதை எழுதிவைத்தார். அடுத்த வருடம் அவர் இலங்கைக்கும் வந்தார். அவர் கண்ட அந்த மீன்தான் இன்று நம் உம்மாமார் சம்பலில் இடிக்கிற மாசி. அறுநூற்றெண்பது வருடப் பழக்கம் என்று நாம் துணிந்து சொல்லக்கூடியது மாசியைத்தான். பராட்டாவை அல்ல.

அப்படியானால் இந்த மாற்றம் எப்படி வந்தது?

பிரித்தானியர் காலத்தில் காடுகள் தோட்டங்களாயின. தேயிலையையும் இறப்பரையும் ஏற்றி அனுப்பிவிட்டு அரிசியை வெளியிலிருந்து வாங்கும் நாடானோம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் நம் அரிசியில் அரைவாசிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் பெரும்பகுதி பர்மா அரிசி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானிடம் விழுந்தது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, கூட்டுறவுக் கடை வாசலில் வரிசை வந்தது. அரிசிக்குப் பதிலாகச் சனங்கள் கையில் கொடுக்கப்பட்டவற்றில் முக்கியமானது கோதுமை மா. "பாண்" போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். ஆனால் அது கிராமத்து அடுப்படிவரை அன்றாடச் சாப்பாடாக வந்துசேர இந்த யுத்தம் தேவைப்பட்டது.

யுத்தம் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. அரிசி இப்போது அரசியலாகிவிட்டது. 1952 இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தம் செய்தோம். 1953 இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. மந்திரி சபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானிய யுத்தக் கப்பலில் ஏறிக் கூட்டம் போட்டது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1966 இல் அவரே திரும்பி வந்து இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி இலவசமாகக் கொடுத்தார். 1970 தேர்தலில் மறுதரப்பு மீண்டும் இரண்டு கொத்துத் தருவதாக வாக்குக் கேட்டது. ஒரு தலைமுறை முழுக்க, பீங்கானில் சோறு நிறைய இருப்பதுதான் நல்ல காலத்தின் அடையாளம் என்று பழகியது இப்படித்தான். பசியைக் கண்டவர்களுக்கு அந்த நினைப்பு வந்ததில் பிழையில்லை. அந்தச் சோறு அவர்களுக்குக் கௌரவமாகவும் இருந்தது.

மா வேறு வழியில் வளர்ந்தது. அமெரிக்கா தன் மிதமிஞ்சிய தானியத்தை மற்ற நாடுகளுக்கு இலகு நிபந்தனையில் கொடுப்பதற்கு 1954 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த வழியாலும் இலங்கைக்குக் கோதுமை மா வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதியை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வாரத்தில் சில நாட்கள் ஹோட்டல்களில் சோறு போடக்கூடாது. பாணுக்கு விடியச்சாமத்தில் வரிசை. மரவள்ளிக்கிழங்கு தின்றே நாள் கழித்த வீடுகள் எத்தனை! 1977 இல் பொருளாதாரம் திறந்தது. 1980 இல் திருகோணமலையில் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை நம் வயலில் விளைகிற பயிரே அல்ல. ஆனாலும் அதன் மா சந்திக் கடைவரை மலிவாக வந்து சேர்ந்தது. தகரத்தில் கத்தி தட்டும் சத்தம் கேட்டாலே வாயூறுகிறதே, அந்தக் கொத்துக்கு நம் வீதிகளில் இவ்வளவு இடம் கிடைத்ததும் இந்த மாவை வைத்துத்தான்.

இன்னொரு பக்கத்தில் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி நம் பகுதி நெற்களஞ்சியமானது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உரலில் குற்றிய தவிட்டரிசி போய் மில்லில் தீட்டிய வெள்ளையரிசி வந்தது. மண்வெட்டிக்குப் பதில் டிரக்டர், நடைக்குப் பதில் மோட்டார் சைக்கிள். சாப்பிடும் அளவு மட்டும் வயலில் நாள் முழுக்க நின்றவருடைய அளவிலேயே நின்றுவிட்டது.

கணக்கு வந்துசேர்ந்தது உடம்பில். 2005–2006 இல் செய்த தேசிய ஆய்வொன்றில், இருபது வயதைத் தாண்டியவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. நோயின் முன்கட்டத்தில் இருந்தவர்களையும் சேர்த்தால் ஐந்தில் ஒருவர். இலக்கத்தை விடுங்கள். உங்கள் தெருவில் கால்விரல் எடுத்தவர்கள், கண் மங்கியவர்கள், கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

மாப்பொருளைக் குறைப்பது இணையத்தில் நேற்று வந்த பேஷனும் அல்ல. 1797 இல் ஜோன் றொல்லோ என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர் நீரிழிவு நோயாளிக்கு இறைச்சியை முதன்மையாக்கி, தானியத்தைக் குறைத்த உணவுமுறையைப் பற்றி எழுதினார். 1863 இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்ரிங், தன் வைத்தியர் சொற்படி பாண், சீனி, உருளைக்கிழங்கு, பியர் எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பு மெலிந்த கதையைச் சிறு நூலாகப் போட்டார். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, உணவுக் கட்டுப்பாடுதான் நீரிழிவுக்கு இருந்த முக்கிய வைத்தியம். இன்று மருந்து இருக்கிறது. ஆனால் மருந்தும் பீங்கானும் எதிரெதிராக இழுத்தால் வெல்வது பீங்கான்தான்.

இப்போது சமையலறைக்கு வருவோம். பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தில் காபோவைதரேற்று என்று படிப்பது எதில் எவ்வளவு இருக்கிறது? ஏறத்தாழச் சொல்கிறேன். 100 கிராம் சமைத்த சோற்றில் 28 கிராம். அதேயளவு பாணில் 50. மரவள்ளியில் 38. ஈரப்பலாக்காயில் 27. கோவாவில் 6, கோலிபிளவரில் 5. மீன், இறைச்சி, முட்டையில் இல்லை என்றே சொல்லலாம். ஒரு முக்கியமான விடயம்: குரக்கன் மா 100 கிராமில் 72 வரை உண்டு, கோதுமை மாவில் 76. குரக்கனில் நார் கூட, அது நல்லது. ஆனால் "குரக்கன்தானே" என்று ஐந்து ரொட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். பழையது என்பதற்காக எல்லாம் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகாது.

ஆகவே நம் ராச்சாப்பாட்டை எப்படித் திருத்துவது? புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. பங்கைப் புரட்டிப் போட்டால் போதும். இப்போது சோறு மலை, ஆணம் ஓரம். அதை மாற்றி, மீன் புளியாணமோ கோழியோ நடுவில், பொன்னாங்காணியோ முருங்கையிலையோ ஒரு சுண்டல் பீங்கானில் அரைவாசிக்கு, கத்தரிக்காயோ புடலங்காயோ ஒரு பாலாணம், மாசிச் சம்பல். சோறு ஒரு சின்ன அகப்பை, அதுவும் கடைசியில். பிட்டு அவிக்கும் நாளில் மாவைக் குறைத்து, தேங்காய்ப்பூவையும் முருங்கையிலையையும் கூட்டுங்கள்.

கொத்து கேட்டு அழுகிற வீட்டுக்கு ஒரு வழி: கோவாவை ரொட்டிபோல் நீளமாக அரிந்து, வெங்காயம், லீக்ஸ், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு பெரிய நெருப்பில் வதக்குங்கள். தண்ணீர் விடக்கூடாது, மூடவும் கூடாது. மூடினால் குழைந்துவிடும். மூன்று நான்கு முட்டை ஊற்றிக் கிளறி, பிய்த்த கோழியைப் போட்டு, கடைசியில் இறைச்சி ஆணத்தின் குழம்பைத் தெளித்துக் கொத்துங்கள். கொத்தின் ருசியில் பெரும்பங்கு ரொட்டியில் இல்லை, அந்தக் குழம்பிலும் நெருப்பிலும்தான் இருக்கிறது என்று அன்றைக்கு விளங்கும். நெய்ச்சோற்றுக்குப் பதில் கோலிபிளவரைத் துருவி, நெய்யில் ரம்பை, ஏலம், கறுவா, கராம்பு போட்டு வதக்கலாம். மலைநாட்டு மரக்கறி விலை ஏறினால் அதை விட்டுவிடுங்கள். கோவாவும் கீரையுமே போதும்.

கவனம்: இன்சுலின் போடுகிறவர்களும் சீனிக்குக் குளிசை எடுக்கிறவர்களும் திடீரென்று சோற்றை நிறுத்தக்கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருக்க மாப்பொருள் மட்டும் குறைந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். நோன்பு காலத்தில் இன்னும் கவனம். சிறுநீரக வருத்தக்காரருக்கு இறைச்சியிலும் கீரையிலும் வேறு கட்டுப்பாடுகள் இருக்கும். முதலில் டொக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

மனதில் உறுத்துகிற ஒன்றையும் சொல்லவேண்டும். பல வீடுகளில் வாப்பாவுக்குச் சீனி என்றால் வீடே மாறும். உம்மாவுக்குச் சீனி என்றால் அவ எல்லோருக்கும் சோறு பரிமாறிவிட்டு, பிள்ளைகள் மிச்சம் வைத்த சோற்றை "வீணாப் போகக் கூடாது" என்று குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பா. அவவுக்கென்று யாரும் சுண்டல் செய்வதில்லை. நோயாளிக்கு மட்டும் தனிச்சட்டி, தனிப்பீங்கான் என்று ஒதுக்கினாலும் அது ஒரு மாதம்கூட நிலைக்காது. வீடு முழுக்க ஒரே சாப்பாட்டுக்கு மாறினால்தான் நிலைக்கும். பிள்ளைகளுக்கும் அது நல்லதே. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு மேலதிகமாக ஓர் அகப்பைச் சோறு வைத்தால் போயிற்று.

நம் மரபு என்று நான் பெருமைப்படுவது ஒரு சகனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, அவரவர் தனக்கு முன்னால் உள்ளதை எடுத்துச் சாப்பிடுவதை. அதில் பணக்காரன் ஏழை இல்லை, நோயாளி சுகதேகி இல்லை. அந்தச் சகனில் எவ்வளவு சோறு இருக்கவேண்டும் என்று எந்த மார்க்கமும் மரபும் சொல்லவில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உணவுக்கு விடும் வழியைத்தான் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் காட்டித்தந்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய மூத்தம்மா, மூத்தவாப்பா இருந்தால், கூப்பன் காலத்தில் இரவில் என்ன சாப்பிட்டார்கள், வீட்டில் எத்தனை கொத்து ஆக்கினார்கள், எந்தச் சுண்டல், எந்த ஆணம் என்று இன்றே கேளுங்கள். கேட்டதைக் கீழே கொமென்டில் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் ஊர்வாரியாகத் தொகுத்து இன்னொரு பதிவாகப் போடுகிறேன். வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் சுகத்தைத் தருவானாக.