சமயம் என்று அரசு ஏற்பது: விக்காவும் திருப்பதி கங்கம்மாவும்

ஒரு வழிபாட்டைத் தனிச் சமயமாக ஏற்றுக்கொள்ள இந்தியாவில் ஒற்றை அலுவலகமோ ஒற்றை ஆணையோ கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம், சிறுபான்மையினர் பட்டியல், திருமணச் சட்டம், அறநிலையச் சட்டம் என்று தனித்தனிக் கதவுகள் உண்டு. ஒரு கதவில் கிடைத்த பதில் அடுத்த கதவில் செல்லாது. மேலைநாடுகளில் விக்கா, பேகன் சமயத்தார் நீதிமன்றப் படியேறிப் பெற்றதையும், ஆந்திரத்தின் திருப்பதி, சித்தூர் வட்டாரத்துக் கங்கம்மா வழிபாடு கேளாமலே பெற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

‘பேகன்’ என்பது கிறித்தவத்துக்குப் புறம்பான வழிபாட்டினருக்குக் கிறித்தவர்கள் இட்ட பெயர். நாட்டுப்புறத்தான் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘கிராம தேவதை’க்கும் அதற்கும் உள்ள உறவு ஒலியில் அல்ல, பார்வையில்: பட்டணத்துப் பெரிய கோயில் வயல்வெளித் தெய்வத்தைப் பார்க்கும் பார்வை. விக்கா இந்தப் பேகன் குடும்பத்தின் இளைய கிளை. அதைப் பரப்பிய ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாகவும் வேலை பார்த்தவர். பிரிட்டனின் 1735ஆம் ஆண்டு மாந்திரீகச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகுதான் அவர் வெளிப்படையாக எழுத முடிந்தது. 1954இல் அவருடைய நூல் வந்தது. ‘விட்ச்’ என்ற சொல்லைச் சூனியக்காரி என்று பெயர்த்துவிட்டால் பாதிப் பொருள் கெட்டுவிடும். விக்காவின் மையம் நிலவும் பருவங்களும் பெண்தெய்வமும்தான். பில்லி, ஏவல் அல்ல. இந்தியாவில் விக்காவை வெளிப்படையாகப் பேசியவர்களில் பெயர்பெற்றவர் கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்ரவர்த்தி.

அமெரிக்காவில் வர்ஜீனியா சிறைக் கைதி ஒருவர் தொடுத்த டெட்மர் வழக்கில், விக்கா சமயமே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் ஏற்றது. அவர் கேட்ட பூசைப் பொருள்களை மட்டும் சிறைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுத்துவிட்டது. இறந்த விக்கா படைவீரர்களின் கல்லறையில் அவர்களின் சின்னமான ஐந்துமுனை நட்சத்திரம் பொறிக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்து தன் பழைய நார்டிக் வழிபாட்டை 1973இலேயே பதிவுசெய்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் 2021 கணக்கெடுப்பில் பேகன் என்று எழுதியவர்கள் ஏறத்தாழ 74,000 பேர், விக்கா என்றவர்கள் 13,000 பேர்.

இனித் திருப்பதி. மலைமேல் வேங்கடவன், ஊருக்குள் தாத்தய்யகுண்டா கங்கம்மா. அவள் அவனுடைய தங்கை என்பது ஊர் வழக்கு. மே மாத ஜாத்திரைக்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்திலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் பிறந்த வீட்டுச் சீராக அவளுக்கு வந்து சேரும். கதை இதுதான்: ஊர்ப் பெண்களைக் கெடுத்துவந்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிந்துகொண்டான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் கட்டினாள். அதனால்தான் ஜாத்திரையில் ஆண்கள் வேடம் கட்டுகிறார்கள். பைராகி வேடத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை நாமக்கட்டிக் குழம்பு, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரி, தொர வேடத்துக்குச் சந்தனம். தொர, அதாவது துரையாக வந்தபோதுதான் பாளையக்காரன் தன்னைப் போல் ஒருவன் என்று நம்பி வெளியே வந்தானாம், தலை போயிற்று. வேண்டுதலுக்காக ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு நடப்பதை அங்கே யாரும் வேடிக்கையாகப் பார்ப்பதில்லை. கடைசி நாளில் களிமண்ணால் எழுப்பிய அம்மனின் கன்னத்தைக் கிள்ளி எடுத்ததும், அந்த மண்ணுக்காகக் கூட்டம் முண்டியடிக்கும். எமரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூகிகர் 2013இல் இந்த ஜாத்திரையைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2024 டிசம்பரில் வந்த ‘புஷ்பா 2’ படத்தில் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடியதும் இந்த ஜாத்திரையை வைத்துத்தான். எல்லை தாண்டினால் குடியாத்தத்தில் வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அந்த ஊர்க்காரர்களுக்கு இது அயல் மாநிலத்துத் தெய்வமாகத் தோன்றாது.

பெண்தெய்வம், மண், பருவம், பலி: பேகன் என்று சொல்வதற்கு ஐரோப்பியர் கேட்கும் அடையாளங்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆனால் அரசு இதைத் தனிச் சமயமாகப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கச் சொல்லவும் இல்லை. இத்தகைய அம்மன் கோயில்கள் ஆந்திரத்தின் 1987ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் வரம்புக்குள் இந்துக் கோயில்களாகவே வருகின்றன. ஜாத்திரைக்கு அண்மை ஆண்டுகளில் மாநில விழா என்ற தகுதியும் கிடைத்தது. ஏற்ற கைதான் திருத்தவும் செய்கிறது. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தபோது வந்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் வளாகத்தில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடைசெய்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சட்டமும் கூடவே போயிற்று. தமிழ்நாட்டில் 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னதும் கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பி, 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. ஆந்திரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

கணக்கெடுப்பில் ஆங்கிலேயர் 1901 முதல் 1921 வரை பழங்குடி வழிபாட்டினரை ‘அனிமிஸ்ட்’ என்று தனியே எழுதினர். 1931இல் ‘பழங்குடிச் சமயம்’ என்றனர். விடுதலைக்குப் பின் அந்தப் பகுப்பு போய், ஆறு பெரிய சமயங்களும் ‘பிற’ என்ற ஒன்றும் மிஞ்சின. 2011இல் அந்தப் ‘பிற’வில் 79 லட்சம் பேர், அவர்களில் பழங்குடி வழிபாடான சர்னாவை எழுதியவர்கள் மட்டும் 49 லட்சத்துக்கு மேல். சர்னாவுக்குத் தனிக் குறியீடு கேட்டு ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2020 நவம்பரில் தீர்மானம் போட்டது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் யானாதிப் பழங்குடியினரிடமிருந்து அப்படியொரு குரல் எழவில்லை.

திருமணச் சட்டம் இன்னும் வேடிக்கை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், இஸ்லாமியர், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத எவருக்கும் பொதுவாகப் பொருந்தும். ஆகவே திருப்பதியில் குடியிருக்கும் இந்திய விக்கா ஒருவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அதற்குள்தான் வருவார், வேறு வழக்கம் உண்டென்று நிறுவினாலொழிய. அதே சட்டம் பட்டியல் பழங்குடிகளை விலக்கிவைக்கிறது; எனவே கங்கம்மாவுக்குப் பொங்கலிடும் யானாதி அதற்கு வெளியே.

எது சமயம் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடத்து வழக்கில் விரிவான விடை தந்தது: கடவுள் நம்பிக்கை இல்லாமலும் சமயம் இருக்கலாம், சடங்கும் அதில் அடங்கும். இந்த அளவுகோலில் விக்கா தாராளமாகத் தேறும். அதே நீதிமன்றம் 1982இல் ஆரோவில் வழக்கில், அரவிந்தரின் போதனை சமயமல்ல, தத்துவமே என்று சொல்லிவிட்டது. கேட்டால் மறுக்கப்படும் ஆபத்து உண்டு என்பதற்குப் புதுச்சேரிப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

திருப்பதி வட்டாரத்தில் அரசு விதி ஒருவரின் சமயத்தை நேருக்கு நேர் கேட்கும் இடம் திருமலை. 1990ஆம் ஆண்டு அரசாணை 311இன்படி, இந்து அல்லாதவர் தரிசனத்துக்கு முன் உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். குடியரசுத் தலைவராக வந்த அப்துல் கலாமும் கையெழுத்திட்டார். படிவத்தில் இன்ன சமயத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு ஒரு வெற்றிடம். அதன் கீழே வேங்கடவனிடம் நம்பிக்கையும் பக்தியும் உண்டு என்ற வாசகம். அந்த வெற்றிடத்தில் விக்கா என்று எழுதினால், அது ஏற்கப்பட்ட சமயம்தானா என்று பார்க்க அங்கே பட்டியல் ஏதும் இல்லை.