கீழிறங்கும் உரிமை: விஸ்டா, எக்ஸ்பி, நமது அச்சுக்கோப்புகள்

2008 டிசம்பரில் எங்கள் பத்திரிகைக்காக ஒரு மடிக்கணினி வாங்கினோம். பாதி சந்தாப் பணம், மீதி நண்பர் ஒருவரிடம் வாங்கிய கைமாற்று. வாங்கிய வாரமே அதிலிருந்த விஸ்டாவை அழித்துவிட்டு எக்ஸ்பியைப் போடுவது என்று முடிவெடுத்தோம். விஸ்டா சந்தைக்கு வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. எக்ஸ்பி 2001 அக்டோபர் 25இல் வந்தது, அதாவது ஏழு வருடப் பழசு. கேள்விப்பட்ட தோழர்கள் சிரித்தார்கள். "புதுசா ஒண்ண வாங்கி அதப் பழசாக்குறீங்களே, இதென்னய்யா கூத்து?" என்றார் ஒருவர். பின்நவீனத்துவம் குறித்து மணிக்கணக்கில் பேசக்கூடியவர் அவர். முன்னேற்றம் என்கிற பெருங்கதையாடல் தகர்ந்துவிட்டதாக எங்கள் இதழிலேயே எழுதியவர். கணினி என்று வந்தவுடன் அந்தக் கதையாடல் அவருக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

இந்தச் செயலுக்குக் கணினித் தொழில் வைத்திருக்கும் பெயர் 'டவுன்கிரேடு'. புதியதற்குப் போனால் மேலே ஏறுகிறோம், பழையதற்குப் போனால் கீழே இறங்குகிறோம். மேல்/கீழ் என்ற படிநிலை எப்படிச் சொல்லுக்குள்ளேயே புதைத்து வைக்கப்படுகிறது என்பது சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு விளக்கவேண்டிய ஒன்றல்ல. இன்னும் விசித்திரமானது 'டவுன்கிரேடு உரிமை' என்று உரிம ஒப்பந்தத்தில் இருக்கும் தொடர். காசு கொடுத்து வாங்கிய பொருளில் கீழே இறங்குவதற்கும் ஒரு உரிமை வேண்டியிருக்கிறது. அதை ஒருவர் வழங்குகிறார். வழங்குகிறார் என்றால் மறுக்கவும் செய்கிறார். யாருக்கு வழங்கினார்கள், யாருக்கு மறுத்தார்கள்?

விஸ்டா 2007 ஜனவரி 30இல் பொதுச் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் 95, 98, 2000 என்று இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றாகப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. எக்ஸ்பிக்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் எதுவும் வரவில்லை. லாங்ஹார்ன் என்ற குறிப்பெயரில் எழுதிக்கொண்டிருந்ததை 2004இல் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். ஒரு நிறுவனத்தின் தோல்வியால் கிடைத்த இந்த ஐந்து வருட இடைவெளிதான் சாதாரண மனிதர்கள் ஒரு இயங்குதளத்தில் குடியேறி, அதன் சந்துபொந்துகளைத் தெரிந்துகொள்ள அவகாசம் தந்தது. தெருமுனை இணைய மையங்கள், ஜாப் டைப்பிங் கடைகள், டிடிபி அறைகள் எல்லாம் எக்ஸ்பியில் வேர்பிடித்தன. மூலதனத்துக்கு மூச்சுத் திணறும்போதுதான் நமக்குக் கொஞ்சம் காற்று வருகிறது போலும்.

எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி நினைவகம் போதும் என்றார்கள். விஸ்டாவுக்கு அது 512 ஆனது. முழுப் பகட்டோடு ஓட வேண்டுமானால் 1 ஜிபி. திரையை இயக்கும் முறை, ஒலியை இயக்கும் முறை எல்லாவற்றையும் மாற்றியிருந்ததால் கருவிகளுக்கான டிரைவர்களைப் புதிதாக எழுதவேண்டியிருந்தது. இதற்கிடையே 2006இல் விற்ற கணினிகளில் 'விஸ்டாவுக்குத் தகுதியானது' என்று ஒட்டுச்சீட்டு ஒட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றால் விஸ்டாவின் மிகக் குறுகிய பதிப்பைத்தான் ஓட்ட முடிந்தது. 2007இல் சியாட்டில் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் உள்அஞ்சல்கள் வெளியாயின. அந்நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி வெறும் மின்னஞ்சல் பெட்டியாகிவிட்டதே என்று புலம்பியிருந்தார். ஓராண்டு கழித்து, பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாக நடத்தும் வழக்கு என்கிற தகுதியை நீதிமன்றம் நீக்கிவிட்டது.

சரி, உரிமை விஷயத்துக்கு வருவோம். கணினியோடு சேர்ந்து வரும் விஸ்டாவில் 'பிசினஸ்', 'அல்டிமேட்' ஆகிய இரண்டு பதிப்புகளுக்குத்தான் எக்ஸ்பிக்குத் திரும்பும் உரிமை இருந்தது. 'ஹோம் பேசிக்', 'ஹோம் பிரீமியம்' வாங்கியவர்களுக்குக் கிடையாது. அலுவலகம் பின்வாங்கலாம், வீடு பின்வாங்கக் கூடாது. மொத்த உரிமம் பெற்ற பெருநிறுவனங்களோ விஸ்டாவைத் தொடாமலே தாண்டிப் போயின. அவர்கள் செய்தால் அது 'கொள்கை முடிவு'. நாம் செய்தால் பத்தாம்பசலித்தனம். உரிமை இருந்தவர்களும் சும்மா தப்பவில்லை. லாஸ் ஏஞ்சலஸ்காரர் ஒருவர் 2008 ஜூனில் வாங்கிய மடிக்கணினியில் எக்ஸ்பிக்கு இறங்குவதற்காகத் தன்னிடம் 59 டாலர் 25 சென்ட் வசூலித்தார்கள் என்று 2009இல் வழக்குப் போட்டார். இறங்குவதற்கும் சுங்கம்!

எங்கள் கணினியில் இருந்தது ஹோம் பேசிக். விலை குறைவு என்பதால் வாங்கியது. ஆக, சட்டப்படி எங்களுக்கு உரிமை இல்லை.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கலாம். இதழைப் பக்கம் கட்டுவது பேஜ்மேக்கரில். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அதை அடோபி வளர்ப்பதை நிறுத்திக்கொண்டது. தமிழ் யூனிகோடில் 1991லிருந்தே இருக்கிறது, ஆனால் பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களைத் திணித்து வைத்த எழுத்துருக்களில்தான் நாங்கள் எல்லோரும் தட்டச்சு செய்தோம். ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனியும் தன்னிஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தியும் பழைய கோப்புகள் பழைய வரிசையிலேயே தங்கிவிட்டன. எழுத்துரு இல்லாவிட்டால் கட்டுரை முழுதும் மேற்கோள் குறியும் கேள்விக்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு எழுத்துருவைச் சார்ந்தது, எழுத்துரு விசைப்பலகை நிரலைச் சார்ந்தது, அந்த நிரல் எக்ஸ்பியைச் சார்ந்தது. கடைசிக் கண்ணியை உருவினால் பத்து வருட இதழ்களும் எங்கள் கையைவிட்டுப் போய்விடும். எங்களிடம் இருந்த விசைப்பலகை நிரல் புதியதில் எழுந்திருக்க மறுத்தது. அதை எழுதிய சிறு கம்பெனியையே மூடிவிட்டிருந்தார்கள்.

ரிச்சி தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் கடை வைத்திருந்த இளைஞரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் செய்த காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. எதையும் அழிக்காமல், ஹார்டு டிஸ்கில் ஒளித்து வைத்திருந்த மீட்புப் பகுதியிலிருந்து இரண்டு டிவிடி எழுதி என் கையில் கொடுத்தார். கம்பெனி தட்டு எதுவும் தரவில்லை, அந்த ஒளிப்பகுதி மட்டும்தான். "திரும்பி வர்றதுக்கு வழி வச்சுக்கிட்டுத்தான் சார் திரும்பிப் போகணும்" என்றார்.

பிறகு எக்ஸ்பி குறுந்தட்டைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் நீலத் திரை, அடியில் 7பி என்று முடியும் எண். இதன் பொருள் எளிது: எக்ஸ்பிக்கு அந்த ஹார்டு டிஸ்கே கண்ணுக்குத் தெரியவில்லை. சாட்டா வகை டிஸ்க்குகளை ஏஎச்சிஐ என்ற முறையில் இயக்கும் டிரைவர் 2001இல் செய்த தட்டில் இல்லை. அதற்கு எக்ஸ்பி ஒரு வழி வைத்திருந்தது. நிறுவல் தொடங்கும்போது எஃப்6 விசையை அழுத்தினால் டிரைவரைக் கேட்கும், ஃப்ளாப்பியில் போட்டு 'ஏ' டிரைவில் செருகச் சொல்லும். 2008இல் எந்த மடிக்கணினியில் ஃப்ளாப்பித் துளை இருந்தது? சில கணினிகளில் பயாஸுக்குள் போய்ப் பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். எங்களுடையதில் அந்த வரியையே எடுத்துவிட்டிருந்தார்கள். தம்பி சளைக்கவில்லை. என்லைட் என்றொரு இலவச நிரலைக் கொண்டு அந்த டிரைவரை எக்ஸ்பி தட்டுக்குள்ளேயே கலந்து புதிய தட்டு ஒன்று சுட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு எக்ஸ்பி உள்ளே நுழைந்தது.

நுழைந்ததே தவிர, திரை பெரிய பெரிய எழுத்தாக வீங்கிக் கிடந்தது. சத்தம் இல்லை, வலைத்தொடர்பு இல்லை. பட்டியலில் வரிசையாக மஞ்சள் கேள்விக்குறிகள். தம்பி ஒவ்வொரு கேள்விக்குறியாகத் திறந்து அதன் அடையாள எண்ணைத் தாளில் எழுதினார். 8086 என்று வந்தால் இன்டெல். 1978இல் அந்தக் கம்பெனி செய்த செயலியின் பெயர் அது, அதையே தன் அடையாள எண்ணாகவும் வைத்துக்கொண்டிருக்கிறது. 10ஈசி என்றால் ரியல்டெக். புதியது புதியது என்று விற்ற பெட்டிக்குள் முப்பது வருடப் பழைய எண் உட்கார்ந்திருந்தது.

கணினியைச் செய்த கம்பெனியின் தளத்தில் எங்கள் மாடலுக்கு விஸ்டா டிரைவர் மட்டும்தான் இருந்தது. உதவி எண்ணுக்குத் தொலைபேசினேன். "இந்த மாடலுக்கு எக்ஸ்பி சப்போர்ட் ஆகாது சார்" என்று பதில். தம்பி சிரித்துவிட்டு, அதே கம்பெனி அலுவலகங்களுக்கு விற்கும் இன்னொரு மாடலின் பக்கத்தைத் திறந்தார். அதே சில்லு, அதே எண், எக்ஸ்பி டிரைவர் அங்கே இருந்தது. இறக்கிப் போட்டதும் திரை நேரானது, பாட்டுக் கேட்டது. 'ஆகாது' என்று சொன்னது உலோகத்தின் இயல்பு குறித்த உண்மையல்ல. வாடிக்கையாளரை வீடு, அலுவலகம் என்று பிரித்த ஒரு வணிகத் தீர்மானம் தொழில்நுட்பத்தின் குரலில் பேசியது. அதிகாரம் இப்படித்தான் பேசும் என்று நாம் புத்தகங்களில் படித்திருக்கிறோம். அன்றைக்கு அதை ஒரு டிரைவர் பட்டியலில் பார்த்தேன்.

எக்ஸ்பி யாருடையது என்ற கேள்வி பாக்கி. அது எங்களுடைய பழைய மேசைக்கணினியோடு வந்தது. பழைய பெட்டி செத்துப்போயிருந்தது. அப்படி வந்த உரிமம் பெட்டியோடு பிறந்து பெட்டியோடு மடியவேண்டும் என்பது விதி, உடன்கட்டை மாதிரி. தொலைபேசியில் உயிர்ப்பிக்க நீண்ட எண்ணை வாசித்தபோது மறுமுனையில் இருந்தவர், எத்தனை கணினியில் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றில்தான் என்றேன். அது பொய்யில்லை.

விஸ்டாவை எதிர்த்துக் கூட்டாகக் குரல் எழாமல் இல்லை. 2008 ஜனவரியில் இன்ஃபோவேர்ல்டு பத்திரிகை எக்ஸ்பியைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்து இயக்கம் தொடங்கியது. 2 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். பலனில்லை, அறிவித்தபடி ஜூன் 30இல் கடை விற்பனை நின்றது. ஆனால் வேறொரு மூலையிலிருந்து அடி விழுந்தது. 2007 அக்டோபரில் அசுஸ் கம்பெனி ஈ பிசி என்று ஏழங்குலத் திரை வைத்த ஒரு குட்டிக் கணினியை விட்டது, உள்ளே லினக்ஸ். விஸ்டா அதற்குள் நுழையவே முடியாது. சின்னக் கணினிச் சந்தை முழுவதும் லினக்ஸிடம் போய்விடும் என்ற நிலையில், 2008 ஏப்ரலில், இத்தகைய மலிவுக் கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோமை 2010 ஜூன் வரை தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2 லட்சம் கையெழுத்து அசைக்காததைத் திறந்த மூல மென்பொருள் ஒன்று அசைத்தது. மனுப்போடும் அரசியலில் ஊறிய நம்மவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. 1999 பிப்ரவரி 15இல் கலிபோர்னியாவில் லினக்ஸ்காரர்கள் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு ஊர்வலமாகப் போய், ஒப்பந்தம் பிடிக்காவிட்டால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று உங்கள் தாளிலேயே இருக்கிறதே, கொடுங்கள் என்றார்கள். கம்பெனி கைவிரித்து, கணினி செய்தவரிடம் போகச் சொன்னது. இத்தாலியின் உச்ச நீதிமன்றம் அப்படிப் பணம் கேட்பது நியாயம் என்று சொல்ல 2014 ஆனது.

அதற்குள் கதை மாறிவிட்டது. 2016 ஜனவரியில், இனிவரும் புதிய செயலிகளுக்கு விண்டோஸ் 10 மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார்கள். ரிச்சி தெருத் தம்பிகள் நுழைந்த சந்துக்கு மேலிருந்தே சுவர். 2021இல் வந்த விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்டது. அது இல்லாத நல்ல கணினிகள் 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது நடுத்தெருவில் நின்றன. அன்று புதிய பெட்டி பழையதற்குப் போகக் கூடாது, இன்று பழைய பெட்டி புதியதற்கு வரக் கூடாது.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8இல் ஆதரவு நின்றபோது அந்த மடிக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டோம். இப்போதும் பழைய இதழ்களைத் திறக்க மட்டும் அதை எழுப்புகிறேன். போன மாதம் எங்கள் முதல் டிடிபி இதழின் கோப்பைத் திறந்தபோது அதற்கு முந்தைய இதழ்களின் நினைவு வந்தது. அவை ஈயத்தில் கோத்தவை. கம்போசிட்டர் ஒருவர் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் கரடுமுரடான கலைச்சொற்களையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பொறுக்கிக் கோப்பார். 'கட்டுடைப்பு'க்கு எத்தனை 'ட்' வேண்டும் என்று ஒருமுறை கேட்டார். கணினி வந்தவுடன் விலை குறைகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது என்று நாங்கள்தான் முதலில் ஓடினோம். பழையதில் இருக்க அவருக்கு உரிமை உண்டா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அச்சகத்தை மூடியபோது கேஸ்களை அப்படியே கவிழ்த்து எழுத்துகளைச் சாக்கில் கொட்டி, ஈயமாக எடைக்குப் போட்டார்கள். எங்கள் கடைசி இதழின் இரண்டு ஃபாரங்கள் பிரிக்காமலே கிடந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் தராசில் வைத்தார்கள்.