கிளட்ச் வீட்டுக்கு வந்த கதை

தேய்ந்த கிளட்சை வீட்டு வாசலிலேயே கழற்றி மாட்டும் அமெரிக்கப் பிக்கப்காரரைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்நாட்டு உழவர்களின் தன்னிறைவுக் குணமும் கூடவே வந்துவிடும். தாத்தா டி மாடல் ஃபோர்டைப் பிரித்தார், அப்பா செவர்லேயைப் பிரித்தார், மகனுக்கும் அதே கை வாய்த்தது என்று அறுபடாத ஒரு பரம்பரையைச் சொல்வார்கள். வண்டிகளின் அடிப்பகுதியைப் பார்த்தால் அந்தப் பரம்பரை அவ்வளவு நேராக இல்லை. வீட்டுக் கிளட்ச் வேலை பரவலானதற்கு மனிதர்களின் குணத்தைவிட, இயந்திர விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோன தண்டின் அமைப்பே பெரிய காரணம் என்பது என் வாதம்.

தாத்தாவின் வண்டியிலிருந்தே தொடங்கலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி டி மாடல்கள் உருவாயின. 1925இல் அதே வண்டியின் பின்னால் ஒரு பெட்டியை வைத்து, 281 டாலருக்குப் பிக்கப் என்றே ஃபோர்டு விற்றது. அதில் கிளட்ச் இருந்தது, ஆனால் எண்ணெயில் ஊறிய எஃகுத் தட்டுகளின் அடுக்காக. அடிக்கடி தேய்ந்தது அதுவல்ல. கியர் உருளைகளைச் சுற்றி இறுக்கிய பட்டைகளின் பருத்தி லைனிங். கால்பலகையைத் தூக்கி, மேல்மூடியைத் திறந்து அவற்றை இறுக்கலாம். லைனிங் போய்விட்டால் வேலை கொஞ்சம் நீளும், ஆனாலும் மேலிருந்தே முடியும். உழவர் இதைச் செய்தார் என்பது உண்மைதான். பக்கத்தில் பட்டறை இல்லாத ஊரில் வேறு யார் செய்வது? அதற்காக இதைக் கிளட்ச் மாற்றும் கலையின் முதல் பாடம் என்று சொல்ல முடியாது.

டி மாடலுக்குப் பின் வந்த ஏ மாடலில், சற்றே தாமதமாகவேனும், இன்று நாம் அறிந்த ஒற்றைத் தட்டு உலர் கிளட்ச் வந்தது. சிக்கலும் அங்கேதான். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டு ஒரு தடித்த குழாய்க்குள் அடைபட்டிருந்தது. குழாயின் மறுமுனை அச்சோடு பிணைக்கப்பட்டிருந்தது. கிளட்சைத் தொட வேண்டுமானால் பின் அச்சு முழுவதையும் அவிழ்த்துப் பின்னுக்கு உருட்ட வேண்டும், இல்லையேல் எஞ்சினைத் தூக்க வேண்டும். மரக்கிளையில் சங்கிலி கட்டி எஞ்சினைத் தூக்கியவர்கள் உண்டு என்று மறுப்பவர்கள் சொல்லலாம். உண்டுதான். ஆனால் வேறு வழியில்லாமல் சிலர் பட்ட பாடு ஒரு வழக்கம் ஆகிவிடாது.

செவர்லேயின் அரை டன் பிக்கப்பில் 1955ஆம் ஆண்டின் நடுவில் அந்தக் குழாய் போனது. தண்டு வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு கிராஸ் ஜாயின்ட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் தண்டு கையோடு வரும்; கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுத்தால் பிரஷர் பிளேட் எதிரே நிற்கும். புதிய தட்டை நடுமையமாக நிறுத்துவதுதான் நுட்பமான இடம். பழைய கியர்பாக்ஸின் உடைந்த ஷாஃப்ட் ஒன்றைச் செருகி நேர்பார்த்துவிட்டுத்தான் போல்ட்டுகளை இறுக்குவார்கள். பார்க்காவிட்டால் கியர்பாக்ஸ் திரும்ப ஏறவே ஏறாது. உயர்ந்த சட்டகம் என்பதால் அடியில் படுக்கவும் இடம் இருந்தது. பின்னாளில் எஞ்சினைக் குறுக்கே வைத்து முன் சக்கரங்களை ஓட்டிய கார்களில் இந்த வசதி இல்லை. கார்காரர்கள் பட்டறைக்குப் போன பிறகும் பிக்கப்காரர்கள் வாசலிலேயே இருந்ததற்கு வீரத்தைவிட இது நல்ல விளக்கம்.

பணம்தான் காரணம், அமைப்பு அல்ல என்று ஒருவர் வாதிடலாம். அதில் பாதி சரி. கிளட்ச் வேலையில் தட்டின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் கனம். பட்டறைகள் மீது அவநம்பிக்கையும் பழையது: 1941இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ், வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றிய காரோடு 347 பட்டறைகளுக்கு ஆளனுப்பி, 63 சதவீதம் ஏமாற்றின என்று எழுதியது. ஆனால் கூலியும் அவநம்பிக்கையும் குழாய்க் காலத்திலும் இருந்தவைதானே. தூண்டுதல் பழையது, கைக்கெட்டும் வழிதான் புதிது.

வழி திறந்ததுபோலவே மூடவும் தொடங்கியது. 1980களில் ஃபோர்டு ரேஞ்சரில் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே போனது. ஒரு ரப்பர் சீல் கசிந்தாலும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். (இதை வடிவமைத்தவர் வாழ்நாளில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பாரா என்பது சந்தேகம்.) டீசல் பிக்கப்புகளில் வந்த இரட்டைப் பிளைவீல் விலையைக் கூட்டியது, அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றைப் பிளைவீல் பொருத்தும் கிட்டுகள் சந்தைக்கு வந்தன.

இந்த வேலையைப் புகழ்பவர்கள் தாண்டிப் போகும் செலவு ஒன்றும் உண்டு. அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. கூட்டுக்குள் படிந்த தூளைக் காற்றடித்து ஊதினால் ஆபத்து என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1980களில் மெக்கானிக்குகளை எச்சரித்தது. வாசலில் படுத்துக்கொண்டு ஊதியவரிடம் அந்த எச்சரிக்கை போய்ச் சேர வழி குறைவு. மிச்சம் பிடித்த கூலியில் இதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்று இந்த வழக்கம் அருகுவதற்கு இளைஞர்களின் சோம்பலையும் மின்னணுப் பெட்டிகளையும் குறை சொல்கிறார்கள். கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில் யார் எதை மாற்றுவது? ராம் கனரகப் பிக்கப் 2018 மாடலோடு கைக்கியரை விட்டபோது, அங்கே முழு அளவுப் பிக்கப்புகளில் கடைசியாக இருந்த கிளட்ச் பெடலும் போயிற்று. 2024 டொயோட்டா டகோமா போன்ற நடுத்தர வண்டிகளில்தான் அது மிஞ்சியது. அதிலும் எஞ்சின் நெடுக்கே, தண்டு வெளியே.