கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சி

கோலாலம்பூர், கிள்ளான் நகரங்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளையும் களமாகக் கொண்டு, மருத்துவம் முதல் வேளாண்மை, பொருளியல், தமிழியல் வரை 1900 தொடங்கி நடந்துவரும் ஆய்வுப் பணிகள். துறைகள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஆனால் தொடக்க கால ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படைத் தேவை ஒன்றே: ஈயச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் இறக்குமதியான தொழிலாளர்கள் வந்த வேகத்தில் மாண்டுபோகாமல் இருக்க வேண்டும்.

நிலையங்களில் மூத்தது, நோய்க்கூறியல் நிலையம் என்ற பெயரில் கோலாலம்பூரில் எழுந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இது 1900இல் நிறுவப்பட்டதாகக் கொள்வதே வழக்கம். 1901 என்போரும் உண்டு. முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், பெரிபெரி ஒரு தொற்றுநோய் என்று முடிவுகட்டினார். அம்முடிவு நிலைக்கவில்லை. அவரும் இங்கு நிலைக்காமல், பின்னாளில் அமெரிக்காவின் அபின் ஒழிப்புப் பேச்சாளராகப் பெயர் பெற்றார்.

மலேரியா

1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகத்தை, காய்ச்சலின் காரணமாக உடனே மூடிவிடலாமா என்று பேசும் நிலை வந்தது. சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, குட்டைகளைத் தூர்த்தார்கள். அவர் தந்த கணக்கின்படி கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582 ஆக இருந்த மொத்த இறப்பு மறு ஆண்டில் 144 ஆக இறங்கியது.

இதே மருந்து மேட்டு நிலத்தில் எதிர்விளைவைத் தந்தது. கடலோரத்துக் கொசுவான அனாபிலஸ் அம்புரோசஸ் நிழல்பட்ட தேங்கிய நீரில் வளர்வது. காடு போனால் அதுவும் போயிற்று. மலையோர ஓடைகளில் வளரும் அனாபிலஸ் மாக்குலேட்டசோ வெயில் விழும் தெளிந்த நீரை நாடுவது. ரப்பருக்காகக் காட்டை அழிக்க அழிக்க அது பெருகியது. வாட்சன் அங்கே ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் திருப்பிவிட்டார்; பிறகு எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது. எந்த ஊர், எந்தக் கொசு என்று பிரித்துப் பார்த்தபின்பே நடவடிக்கை எடுப்பது என்ற கொள்கை இப்படி உருவாயிற்று. இந்தப் பாடத்துக்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) இருந்த தமிழர்கள்.

பெரிபெரியும் புழுங்கல் அரிசியும்

மலேரியாவுக்கு இரையான அதே தமிழர்களைப் பெரிபெரி பெரும்பாலும் விட்டுவைத்தது. காலில் உணர்விழப்பு, வீக்கம், கடைசியில் இதயம் நின்றுபோவது என்று முடியும் இந்நோய் சீனச் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. நெகிரி செம்பிலான் மருத்துவ அதிகாரி பிராடன், சோற்றுப் பானையைப் பார்த்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. ஆனால் காரணத்தை அவர் தவறாகக் கணித்தார்: பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்றார். 1907இல் வெளிவந்த அவரது பெருநூல் அந்த நஞ்சுக்காகவே வாதாடியது.

இந்த அரிசி வேறுபாட்டைச் சோதித்தவர் மருத்துவர் வில்லியம் பிளெச்சர். சோதனைக்களம் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனை. 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் கிழக்கு விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடி சயாம் அரிசி. இரட்டைப்படையினர் மேற்கு விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. நோய்க்குக் காரணம் கட்டடமாக இருக்குமோ என்ற ஐயத்தால் இடையில் இரு தரப்பையும் விடுதி மாற்றிக் குடியேற்றியதும் உண்டு. ஓராண்டில் பச்சரிசித் தரப்பில் பெரிபெரியால் 18 பேர் இறந்தனர். மறு தரப்பில் அந்நோய் கண்டவர்கள் இருவரே. அவர்களும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். நஞ்சா, சத்துக்குறைவா என்பதை பிளெச்சர் அறுதியிடவில்லை. ஒப்புமைக் குழு வைத்து நடத்திய மருத்துவச் சோதனைகளின் வரலாற்றில் இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இன்றைய ஒழுக்க நெறிக் குழு எதுவும் இதற்கு இசைவு தராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1907இல் கழகத்தின் ஹென்றி பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் டூரியான் திப்புஸ் காட்டில் சாலை வேலையில் இருந்த சாவகத் தொழிலாளர்கள் 300 பேரை இரு பிரிவாக்கினர். பச்சரிசிப் பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. பிறகு இருவரும் கோழிகளை வைத்து, அரிசி தீட்டும்போது கழியும் தவிட்டில்தான் காக்கும் பொருள் உள்ளது என்று காட்டினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அப்பொருள் உமியடுத்த படலத்திலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அதுவே தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து எனப் பிற்காலம் பெயரிட்டது. முதன்மை யாருக்கு என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) மருத்துவர் எய்க்மன் கோழிகளில் இதை முன்பே பார்த்துவிட்டார், 1929 நோபல் பரிசில் பங்கும் அவருக்குப் போயிற்று. மனிதரிடம் மெய்ப்பித்தது கோலாலம்பூர் என்பது மலாயாத் தரப்பின் வாதம். புழுங்கல் சோறு தின்ற தமிழர்கள் எதையும் நிரூபிக்க முற்படவில்லை. ஊரில் உண்டதையே கேட்டு வாங்கி உண்டனர்.

கிருமிகளும் ரப்பரும்

ரங்கூனில் விட்மோர் என்ற மருத்துவர் கண்ட ஒரு கிருமி 1913இல் கழகத்தின் சோதனை விலங்குகளிடையே தோன்றியது. 1921இல் ஸ்டாண்டனும் பிளெச்சரும் அந்நோய்க்கு மெலியோய்டோசிஸ் எனப் பெயரிட்டனர். 1920களில் கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த ஒரு கிருமி வளர்ப்பு, புதர்க்காட்டு டைபஸ் நோயாளிகளின் ரத்தத்தோடு எதிர்பாராமல் வினைபுரிந்தது. அந்தத் தற்செயல் நோயறி சோதனையாகி, அவர் பெயரின் முதலெழுத்தையும் தாங்கிக்கொண்டது. 1948இல் இங்கு நடந்த குளோராம்பெனிக்கால் சோதனையில் அதே டைபஸ் மட்டுமின்றி டைபாய்டும் கட்டுப்பட்டது.

ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1925இல் சட்டத்தால் அமைந்தது; சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. பால்வெட்டுக்காரர் அறிந்த ஆர்ஆர்ஐஎம் 600 மரம் அதன் படைப்பு. 1965இல் ரப்பரைப் பார்வையால் அன்றித் தூய்மையளவால் தரம் பிரிக்கும் முறை வந்தது.

விடுதலைக்குப் பின்

சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. அதன் தலைவர் தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இந்நகரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968இல் பொறுப்பேற்ற பொருளியலறிஞர் உங்கு அசிஸ், ஒரு வீட்டில் எத்தனை சாரோங் உண்டு என எண்ணி வறுமையை அளக்கலாம் என்றார்.

செம்பனை ஆராய்ச்சி நிலையம் 1979இல் தோன்றியது. செம்பனைப் பூக்களுக்குக் கையால் மகரந்தம் தூவிய வேலை, 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு வண்டால் ஒழிந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்ட கொள்ளைநோயின் பின்னணியில் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது நிப்பா எனப்படுகிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னர் ஷா ஆலமின் செத்தியா ஆலம் பகுதிக்கு இடம்பெயர்ந்தது.