தாடை மூட்டு மாற்று அறுவை சிகிச்சை

தாடை மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பது, கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டுடன் இணையும் மூட்டு சீர்செய்ய இயலாத அளவிற்குச் சிதைந்த நிலையில், அதனை அகற்றிவிட்டு உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்துவதாகும். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுச் சிகிச்சைகளைக் காட்டிலும் இது மிகவும் அரிதாகவே செய்யப்படுகிறது.

மூட்டின் அமைப்பு

காதுத்துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் இம்மூட்டின் அசைவை உணரலாம். கீழ்த்தாடையின் மேல்முனையிலுள்ள குமிழ், பொட்டெலும்பின் குழியில் பொருந்தியுள்ளது. இரண்டிற்கும் நடுவே நார்த்திசுவாலான மெல்லிய வட்டு ஒன்று உண்டு. வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழன்று, பின்னர் வட்டுடன் சேர்ந்து முன்னோக்கி வழுக்குகிறது. இடம், வலம் ஆகிய இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகளில் அமைந்திருப்பதால் ஒன்றின் பழுது மற்றதையும் பாதிக்கும். குழியின் கூரை மிக மெல்லிய எலும்பு. அதற்கு மேலே இருப்பது மூளை.

தேவைப்படும் நிலைகள்

தாடையில் 'டக்' என்ற ஒலி கேட்பதும் அவ்வப்போது வலிப்பதும் பலருக்கும் உள்ளவையே. அவற்றிற்கு இச்சிகிச்சை தேவையில்லை. ஓய்வு, மென்மையான உணவு, இயன்முறைப் பயிற்சி, மருந்து ஆகியவற்றிலேயே பெரும்பாலானோர் குணமடைகின்றனர். மூட்டெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வாய் திறக்க முடியாமற் போதல், முடக்குவாதம் போன்ற நோய்களால் குமிழ் அரிக்கப்படுதல், கட்டி, கடுமையான விபத்து, முந்தைய அறுவை சிகிச்சைகளின் தோல்வி ஆகியவையே இதற்குரிய காரணங்கள். வளரும் குழந்தைகளுக்குப் பொதுவாகச் செயற்கை மூட்டிற்குப் பதிலாக, குருத்தெலும்புடன் கூடிய விலா எலும்புத் துண்டு பொருத்தப்படுகிறது.

வைடெக் விவகாரம்

இத்துறையில் இன்றுவரை நிலவும் எச்சரிக்கை உணர்விற்கு அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரிலிருந்த வைடெக் நிறுவனத்தின் உள்வைப்புகள் முக்கியக் காரணம். பழுதடைந்த வட்டிற்கு மாற்றாக, டெஃப்லான் பூச்சுடைய புரோபிளாஸ்ட் என்னும் பொருளை அந்நிறுவனம் தயாரித்தது. ஏற்கெனவே சந்தையில் இருந்த பொருள்களை ஒத்தது என்ற அடிப்படையில் 1983இல் இதற்கு அனுமதி கிடைத்தது. இவ்வழியில் நீண்டகால மனிதச் சோதனை கட்டாயமில்லை.

மெல்லும்போது எழும் அழுத்தத்தை அப்பொருள் தாங்கவில்லை. அது தேய்ந்து உதிர்த்த நுண்துகள்களை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்த்தது. அந்த எதிர்வினை சுற்றியிருந்த எலும்பையும் அரித்தது. சிலருக்குக் குழியின் கூரையே துளைபட்டது. வலி இல்லாதவர்களிடமும் அரிப்பு தொடர்ந்ததுதான் இதில் மிகவும் வருந்தத்தக்கது. 1990இல் நிறுவனம் திவாலானது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. 1993இல் இத்தகைய உள்வைப்புகள் அதிக இடருடைய மூன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டன.

தற்காலச் செயற்கை மூட்டு

குழிப் பகுதி மிகு மூலக்கூற்று எடை பாலிஎத்திலீனாலும், குமிழ்ப் பகுதி கோபால்ட்-குரோமியம் உலோகக் கலவையாலும் செய்யப்படுகின்றன. ஆயத்த அளவுகளில் கிடைப்பவை, நோயாளியின் சி.டி. படத்தைக் கொண்டு கணினியில் தனித்தனியே வடிவமைக்கப்படுபவை என இரு வகைகள் உண்டு.

இடர்கள்

காதின் முன்புறமும் தாடைக் கோணத்தின் அருகிலும் கீறி மூட்டை அடைகின்றனர். முக நரம்பின் கிளைகள் இவ்வழியிலேயே செல்கின்றன. அவை இழுபட்டால் புருவம் உயர்த்துவதும் கண் மூடுவதும் கடினமாகலாம். பெரும்பாலும் இது சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. மூட்டின் உட்புறம் செல்லும் தமனி சேதமுற்றால் கடும் குருதிப்போக்கு ஏற்படும். வாய் திறக்காத நோயாளிக்கு மயக்க மருந்து அளிப்பதே தனிச் சவால்; விழித்திருக்கும்போதே நெகிழ்வான உள்நோக்கிக் குழாயின் துணையுடன் மூக்கின் வழியாகச் சுவாசக் குழாய் செலுத்த வேண்டியிருக்கும்.

தொற்று ஏற்பட்டால் செயற்கை மூட்டையே அகற்ற நேரிடலாம். நிக்கல் முதலிய உலோக ஒவ்வாமை, திருகு தளர்தல், பற்கள் முன்போல் பொருந்தாமை, மூட்டைச் சுற்றி மீண்டும் எலும்பு வளர்தல் ஆகியவையும் நிகழலாம். எலும்பு வளர்ச்சியைத் தடுக்க, வயிற்றிலிருந்து எடுத்த கொழுப்பை மூட்டைச் சுற்றி வைப்பதுண்டு.

எதிர்பார்க்கத்தக்க பலன்

வாய் திறப்பும் மெல்லும் திறனும் பொதுவாக மேம்படுகின்றன. எனினும் செயற்கை மூட்டு பெரும்பாலும் சுழலுமே தவிர, இயல்பான மூட்டைப்போல் முன்னோக்கி வழுக்காது. எனவே தாடையைப் பக்கவாட்டில் அசைப்பது குறைகிறது. வலியைப் பற்றி அவ்வளவு உறுதியாகக் கூற இயலாது. நெடுங்கால வலியில் நரம்பு மண்டலமே மாற்றமடைவதால், மூட்டை மாற்றிய பின்னும் அது முற்றிலும் நீங்காதிருக்கலாம். ஏற்கெனவே பலமுறை அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பலன் குறைவு. சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடராவிட்டால் திசுக்கள் இறுகி, கிடைத்த அசைவும் குறையக்கூடும்.

செயற்கை மூட்டும் தேயக்கூடியதே. எவ்வளவு காலத்தில் அவற்றை அகற்றவோ மாற்றவோ நேர்கிறது என்பதைக் கண்டறியத் தொடராய்வு நடத்துமாறு, மூன்று தயாரிப்பாளர்களுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் உத்தரவிட்டது.